சார்ந்த பிராஞ்சுகளைச் சிக்கலில்லாமல் நடத்துவது எப்படி: கிட்டில் ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் புல் ரிக்வெஸ்டை (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கையை) அனுப்பியாகிவிட்டது. ரிவ்யூ இன்னும் வரவில்லை. அடுத்து எழுத வேண்டிய கோட் முழுக்க அந்த முதல் மாற்றத்தை நம்பித்தான் இருக்கிறது. காத்திருந்தால் வேலை நிற்கும். அதே பிராஞ்சில் (கோடின் தனிக் கிளையில்) எழுதிக்கொண்டே போனால் புல் ரிக்வெஸ்ட் வீங்கிப்போகும், யாரும் அதை ஒழுங்காகப் படிக்க மாட்டார்கள். முதல் பிராஞ்சின் நுனியிலிருந்தே இரண்டாவது பிராஞ்சைக் கிளப்பி வேலையைத் தொடர்வதுதான் நல்ல வழி. இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக நிற்பவற்றைச் சார்ந்த பிராஞ்சுகள் என்றும், மொத்தத்தையும், சில இடங்களில் அதிலுள்ள ஒவ்வொரு தட்டையும், அடுக்கு என்றும் இங்கே சொல்கிறேன்.

உருவாக்குவது ஒரு நொடி வேலை. தாய் பிராஞ்ச் மாறும்போதும், மெர்ஜ் ஆகும்போதும் (இன்னொரு பிராஞ்சோடு இணையும்போதும்)தான் தலைவலி. அந்தத் தலைவலி அனேகமாக எப்போதும் ஒரே இடத்திலிருந்து வருகிறது: ஒரு பிராஞ்ச் எந்தப் பிராஞ்சிலிருந்து பிறந்தது என்று கிட் (கோடின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) எங்கேயும் எழுதி வைப்பதில்லை. கிட்டுக்குப் பிராஞ்ச் என்பது ஒரு கமிட்டை (பதிவு செய்யப்பட்ட ஒரு மாற்றத்தை) சுட்டும் பெயர், அவ்வளவுதான். வழக்கமான ரெப்போவில் (கோட் களஞ்சியத்தில்) அது கமிட்டின் அடையாளமான 40 எழுத்து ஹேஷ் ஒன்றைத் தாங்கிய சின்னக் கோப்பு. தாய் யார், உங்கள் சொந்தக் கமிட்டுகள் எங்கே தொடங்குகின்றன என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. இந்த எல்லையைத் தவற விடாமல் வைத்திருந்தால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியதே.

கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

படி 1: உண்மையிலேயே சார்ந்ததுதானா என்று பாருங்கள்

இரண்டாவது வேலை முதல் வேலையின் கோட் இல்லாமல் கம்பைல் ஆகுமா? அதன் டெஸ்டுகள் ஓடுமா? ஆகும் என்றால் அது சார்ந்த வேலையே அல்ல. மெயின் என்ற முதன்மைப் பிராஞ்சிலிருந்து தனிப் பிராஞ்சாகக் கிளப்புங்கள். பக்கத்தில் இருந்ததால் மட்டுமே முந்தைய பிராஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்த வேலைகளைப் பல ரெப்போக்களில் பார்க்கலாம். முதல் புல் ரிக்வெஸ்ட் நிராகரிக்கப்பட்டால் அவையும் காரணமே இல்லாமல் மாட்டிக்கொள்ளும்.

அடுக்கின் உயரத்துக்கு விதி எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் மூன்று வரை நிம்மதி. ஐந்தைத் தாண்டினால் கீழே இருப்பதை முதலில் மெர்ஜ் செய்ய ஆளைப் பிடிப்பதுதான் சரியான வேலை, ஆறாவது பிராஞ்சைத் திறப்பது அல்ல.

படி 2: எங்கே வெட்டுவது

ஒரு உதாரணத்தோடு போவோம். ஒரு செயலியில் பயனர் தனக்கு எந்த அறிவிப்புகள் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதியைச் சேர்க்கிறோம். மூன்று அடுக்குகள்: டேட்டாபேஸில் புதிய அட்டவணை (பிராஞ்ச் பெயர் தரவு), அதைப் படிக்கவும் மாற்றவும் சர்வர் பக்கக் கோட் (ஏபிஐ), பயனர் பார்க்கும் அமைப்புப் பக்கம் (திரை).

ஒவ்வொரு அடுக்கும் தனியாக மெயினுக்குள் போனாலும் மெயின் உடையக் கூடாது. இதுதான் வெட்டுவதற்கான அளவுகோல். தரவு மட்டும் உள்ளே போய், ஏபிஐ ஒரு மாதம் தள்ளிப்போனாலும் செயலி ஓட வேண்டும். இருக்கும் கோடைச் சீரமைக்கும் வேலையும் நடத்தையை மாற்றும் வேலையும் கலந்திருந்தால், சீரமைப்பை அடியில் வையுங்கள். அது சீக்கிரம் ரிவ்யூ ஆகும், மேலே இருப்பவை சின்னதாகும். அடியில் இருக்கும் ஃபங்ஷனை யாரும் இன்னும் கூப்பிடவில்லையே என்று ரிவ்யூ செய்பவர் கேட்பார். அடுத்த புல் ரிக்வெஸ்டில் கூப்பிடப்போகிறோம் என்பதை விளக்கத்திலேயே முன்கூட்டி எழுதிவிடுங்கள்.

படி 3: தாயைக் குறித்து வைத்தே பிராஞ்சைத் தொடங்குங்கள்

```
கிட் ஸ்விட்ச் --கிரியேட் தரவு மெயின்
(த1, த2 என்று இரண்டு கமிட்)
கிட் ஸ்விட்ச் --கிரியேட் ஏபிஐ --ட்ராக் தரவு
(ஏ1, ஏ2)
கிட் ஸ்விட்ச் --கிரியேட் திரை --ட்ராக் ஏபிஐ
(தி1)
```

ட்ராக் (தாயாகக் குறித்து வை) என்ற தெரிவைப் பலர் ரிமோட்டில், அதாவது சர்வரில், இருக்கும் பிராஞ்சுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். உள்ளூர்ப் பிராஞ்சையும் ட்ராக் செய்யலாம். இதனால் மூன்று நன்மை. கிட் பிராஞ்ச் -விவி என்று கேட்டால் யாருக்கு யார் தாய் என்று பட்டியலாகவே வரும். கிட் ஸ்டேட்டஸ், தாயைவிட எத்தனை கமிட் முன்னே பின்னே என்று சொல்லும். மூன்றாவதுதான் முக்கியம்: வேறு எதுவும் சேர்க்காமல் கிட் ரீபேஸ் (உங்கள் கமிட்டுகளை எடுத்து வேறொரு நுனியின் மேல் மறுபடி அடுக்கும் கட்டளை) என்று மட்டும் தட்டினால், கிட் தாயின் ரெஃப்லாகை, அதாவது அந்தப் பெயர் முன்பு சுட்டிய கமிட்டுகளின் பதிவைப் புரட்டி, தாய் திருத்தி எழுதப்படுவதற்கு முன் எந்தக் கமிட்டிலிருந்து நீங்கள் பிரிந்தீர்கள் என்று தானே கண்டுபிடிக்கப் பார்க்கும். பெயரைக் கொடுத்து கிட் ரீபேஸ் தரவு என்று தட்டினால் இந்தத் தேடல் நடக்காது.

ஒரு எச்சரிக்கை. உள்ளூர்ப் பிராஞ்சை ட்ராக் செய்யும்போது வெறும் கிட் புஷ் நீங்கள் நினைத்த இடத்துக்குப் போகாது. கிட் புஷ் ஒரிஜின் ஏபிஐ என்று ரிமோட்டையும் பிராஞ்சையும் சொல்லியே அனுப்புங்கள்.

படி 4: புல் ரிக்வெஸ்டுகளைத் திறப்பது

ஏபிஐயின் புல் ரிக்வெஸ்டுக்கு இலக்கு மெயின் அல்ல, தரவு. திரைக்கு இலக்கு ஏபிஐ. இப்படி வைத்தால் ஒவ்வொன்றிலும் அந்தந்த அடுக்கின் மாற்றம் மட்டுமே தெரியும். எல்லாவற்றுக்கும் மெயினையே இலக்காக வைத்தால் மூன்றாவதில் மூன்று அடுக்கும் சேர்ந்து தெரியும். ரிவ்யூ செய்பவர் ஒரே கோடை மூன்று முறை படிப்பார்.

விளக்கத்தின் முதல் வரியில் வரிசையை எழுதுங்கள்: இது மூன்றில் இரண்டாவது, இதற்கு முன்னது இது, பின்னது இது. சின்ன விஷயம்தான், ஆனால் நடுவிலிருந்து படிக்கத் தொடங்குபவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மெயினை இலக்காகக் கொண்ட புல் ரிக்வெஸ்டுகளுக்கு மட்டும் டெஸ்ட் ஓடும்படி சிஐயை (டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பை) அமைத்திருந்தால், உங்கள் இரண்டாவது, மூன்றாவது புல் ரிக்வெஸ்டுகளுக்கு டெஸ்டே ஓடாது. சிவப்பு எதுவும் தெரியாததால் எல்லாம் சரி என்று தோன்றும். அமைப்பைத் திறந்து பார்த்துவிடுங்கள். இன்னொன்று, மெயினுக்குப் போட்டிருக்கும் பாதுகாப்பு விதிகள் தரவு பிராஞ்சுக்குப் பொருந்தாது. அதனால் ஏபிஐ ஒருவர் அனுமதிகூட இல்லாமல் தரவுக்குள் மெர்ஜ் ஆகிவிடலாம்.

படி 5: ரிவ்யூவில் கீழே திருத்தம் கேட்டால்

தினமும் நடப்பது இதுதான். த1 கமிட்டில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றச் சொல்கிறார்கள். நீங்கள் திரையில் வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள். பழைய முறையில் தரவுக்குப் போய்த் திருத்தி, அப்புறம் ஏபிஐயை ரீபேஸ் செய்து, அப்புறம் திரையை ரீபேஸ் செய்வோம். ஒவ்வொரு கட்டத்திலும் எல்லையைத் தவறவிட வாய்ப்பு உண்டு.

2022 அக்டோபரில் வந்த கிட் 2.38 இதைச் சுருக்கிவிட்டது. அடுக்கின் உச்சியில், அதாவது திரையிலேயே நின்றுகொண்டு திருத்தத்தைச் செய்து இப்படித் தட்டுங்கள்:

```
கிட் கமிட் --ஃபிக்ஸப்=த1
கிட் ரீபேஸ் --இன்டராக்டிவ் --ஆட்டோஸ்குவாஷ் --அப்டேட்-ரெஃப்ஸ் மெயின்
```

எடிட்டரில் ஏறத்தாழ இப்படி ஒரு பட்டியல் திறக்கும்:

```
பிக் த1
ஃபிக்ஸப் (இப்போது செய்த திருத்தம்)
பிக் த2
அப்டேட்-ரெஃப் தரவு
பிக் ஏ1
பிக் ஏ2
அப்டேட்-ரெஃப் ஏபிஐ
பிக் தி1
```

திருத்தம் தானாகவே த1க்குக் கீழே போய் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். அப்டேட்-ரெஃப் வரிகள்தான் அடுக்கின் எல்லைகள். ரீபேஸ் முடியும்போது தரவு, ஏபிஐ இரண்டு பெயர்களையும் கிட் புதிய கமிட்டுகளுக்கு நகர்த்திவிடும். ஒரு கமிட்டை வேறு அடுக்குக்கு மாற்ற வேண்டுமா? அந்த வரியை அப்டேட்-ரெஃப் வரிக்கு மேலேயோ கீழேயோ நகர்த்தினால் போதும். ஒரு அடுக்கை எப்படி வெட்டினோம் என்பதைப் பிறகு மாற்றிக்கொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு முறையும் தெரிவைத் தட்ட வேண்டாம் என்றால் ரீபேஸ்.அப்டேட்ரெஃப்ஸ் என்ற அமைப்பை ட்ரூ ஆக்கிவிடுங்கள். ஒரு விதிவிலக்கு: இன்னொரு வொர்க்ட்ரீயில் (அதே ரெப்போவின் வேறொரு வேலைக் கோப்புறையில்) திறந்திருக்கும் பிராஞ்சை இது நகர்த்தாது.

ரீபேஸ் முடிந்ததும் மூன்றையும் ஒன்றாகவே அனுப்புங்கள்:

```
கிட் புஷ் --ஃபோர்ஸ்-வித்-லீஸ் --அட்டாமிக் ஒரிஜின் தரவு ஏபிஐ திரை
```

அட்டாமிக் என்றால் மூன்றும் போகும், அல்லது ஒன்றும் போகாது. தரவு மட்டும் போய் ஏபிஐ பழையபடி நின்றால், ஏபிஐயின் புல் ரிக்வெஸ்டில் தரவின் பழைய கமிட்டுகளும் சேர்ந்து தெரியத் தொடங்கும். நீங்கள் எழுதாத மாற்றங்கள் திடீரென்று புல் ரிக்வெஸ்டில் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

வெறும் ஃபோர்ஸைப் பயன்படுத்தாதீர்கள். ஃபோர்ஸ்-வித்-லீஸ், நீங்கள் கடைசியாகப் பார்த்த நிலையிலேயே ரிமோட் இருந்தால் மட்டும் மேலெழுதும். ஆனால் உங்கள் எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்துகொண்டிருந்தால் (ரிமோட்டின் புதிய நிலையை இறக்கிக்கொண்டிருந்தால்), நீங்கள் கண்ணாலும் காணாத கமிட்டைப் பார்த்ததாகக் கிட் எடுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் 2.30 பதிப்பில் ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் என்ற கூடுதல் தெரிவு வந்தது. இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

படி 6: தாய் மெர்ஜ் ஆகும் நேரம்

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள், அதனால் நிதானமாகப் பார்ப்போம். மெர்ஜ் பட்டன் எந்த முறையில் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து மூன்று விதமாக நடக்கும்.

மெர்ஜ் கமிட் முறை என்றால் கவலையே இல்லை. த1, த2 அதே ஹேஷோடு மெயினில் இருக்கும். ஏபிஐ எதுவும் செய்யாமலே சரியாக நிற்கும்.

ரீபேஸ் செய்து மெர்ஜ் செய்யும் முறையில் ஹேஷ் மாறினாலும் ஒவ்வொரு கமிட்டின் மாற்றமும் அப்படியே இருக்கும். ஏபிஐயை மெயின் மேல் ரீபேஸ் செய்தால், ஏற்கெனவே சேர்ந்தவை என்று கிட் அடையாளம் கண்டு அவற்றைத் தாண்டிவிடும்.

ஸ்குவாஷ் முறைதான் சிக்கல். த1, த2 இரண்டும் பிசைந்து ச என்ற ஒரே புதிய கமிட்டாக மெயினில் சேர்கின்றன. ஏபிஐயிலோ இன்னும் த1, த2, ஏ1, ஏ2 என்று நான்கு இருக்கின்றன. கிட் மாற்றங்களை ஒப்பிட்டுப் பார்த்தாலும் ச என்பது த1ஆகவும் இல்லை, த2ஆகவும் இல்லை. ஆகவே கிட் ரீபேஸ் மெயின் என்று தட்டினால் ஏற்கெனவே மெயினில் இருக்கும் மாற்றத்தின் மேலேயே த1ஐ மறுபடி ஒட்டப் பார்க்கும். ஒரே வரிகளில் இரண்டு மாற்றங்கள் மோதும் கான்ஃப்ளிக்ட், அதன் மேல் இன்னொரு கான்ஃப்ளிக்ட். நீங்கள் எழுதிய வரிகளோடு நீங்களே சண்டை போடுவீர்கள். தாயில் ஒரே ஒரு கமிட் மட்டும் இருந்திருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது, ஒப்பீடு பொருந்திவிடும். ஒரு பிராஞ்சுக்கு ஒரு கமிட் என்று சில குழுக்கள் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்.

தீர்வு, எல்லையை நீங்களே சொல்வது:

```
கிட் ஃபெட்ச் ஒரிஜின்
கிட் ரீபேஸ் --அப்டேட்-ரெஃப்ஸ் --ஆன்ட்டூ ஒரிஜின்/மெயின் தரவு திரை
```

இதைப் பின்னாலிருந்து படியுங்கள்: திரையில் இருப்பவற்றில், தரவு வரை உள்ளவற்றை விட்டுவிட்டு, மீதியை எடுத்து ஒரிஜின்/மெயின் மேல் வை. ஆக ஏ1, ஏ2, தி1 மட்டும் நகரும். அப்டேட்-ரெஃப்ஸ் இருப்பதால் ஏபிஐ என்ற பெயரும் கூடவே சரியான இடத்துக்கு வரும்.

இது நடக்க, உள்ளூரில் தரவு என்ற பிராஞ்ச் பழைய நுனியிலேயே உயிரோடு இருக்க வேண்டும். மெர்ஜ் ஆனதும் ஆசையாக அதை அழித்துவிடாதீர்கள். அழித்துவிட்டாலும் வழி இருக்கிறது. கிட் லாகில் உங்கள் முதல் சொந்தக் கமிட்டைக் கண்டுபிடித்து, அதற்கு முந்தையதை எல்லையாகக் கொடுங்கள்: தரவு என்ற இடத்தில் ஏ1^ என்று எழுதினால் அதே பலன். இது முடிந்ததும், ஏபிஐக்கு இனி தாய் மெயின் என்பதைக் கிட் பிராஞ்ச் --செட்-அப்ஸ்ட்ரீம்-டு=மெயின் ஏபிஐ என்று குறித்துவிட்டு, மேலே சொன்னபடி புஷ் செய்யுங்கள்.

மெர்ஜ் வரிசை எப்போதும் அடியிலிருந்து மேலே. தரவு மெர்ஜ் ஆனதும், வேறு எதையும் தொடுவதற்கு முன், ஏபிஐ புல் ரிக்வெஸ்டின் இலக்கை மெயினுக்கு மாற்றுங்கள். கிட்ஹப், மெர்ஜ் ஆன புல் ரிக்வெஸ்டின் பிராஞ்சை அதன் பக்கத்திலிருந்தே அழித்தால், அதைச் சார்ந்தவற்றின் இலக்கைத் தானே மாற்றிவிடும். இருந்தாலும் கண்ணால் பார்த்து உறுதி செய்வது நல்லது. காரணம் இருக்கிறது: இலக்கு இன்னும் தரவாகவே இருக்கும்போது ஏபிஐயின் மெர்ஜ் பட்டனை அழுத்தினால், கோட் தரவுக்குள் போகும். தரவோ ஏற்கெனவே மெயினில் ஸ்குவாஷ் ஆகி முடிந்துவிட்டது. புல் ரிக்வெஸ்டில் மெர்ஜ் ஆனது என்ற அடையாளம் அழகாகத் தெரியும், கோட் மட்டும் மெயினுக்கு வந்தே சேராது. பட்டனை அழுத்தும் முன் இலக்கின் பெயரைப் படியுங்கள்.

படி 7: கான்ஃப்ளிக்ட் வந்தால்

அடுக்கை ரீபேஸ் செய்யும்போது ஒரே கான்ஃப்ளிக்ட் திரும்பத் திரும்ப வரும். ரெரெரே.எனேபிள்ட் என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினால், ஒரு முறை நீங்கள் தீர்த்த விதத்தைக் கிட் நினைவில் வைத்து அடுத்த முறை தானே பொருத்தும். மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல் அமைப்பை இசட்டிஃப்3 ஆக்குங்கள் (2.35 முதல் உண்டு). இரண்டு பக்கத்தோடு சேர்த்து, இரண்டும் பிரிவதற்கு முன் அந்த வரிகள் எப்படி இருந்தன என்பதையும் காட்டும். யார் எதை ஏன் மாற்றினார்கள் என்பது அப்போதுதான் புரியும்.

ரீபேஸில் அவர்ஸ், தெயர்ஸ் இரண்டும் தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் கமிட்டுகளைக் கிட் ஒவ்வொன்றாக எடுத்து மெயின் மேல் வைப்பதால், அவர்ஸ் என்பது மெயின் பக்கம், தெயர்ஸ் என்பது நீங்கள் எழுதியது.

முடித்ததும், புஷ் செய்வதற்கு முன், இதை ஓட்டுங்கள்:

```
கிட் ரேஞ்ச்-டிஃப் ஒரிஜின்/ஏபிஐ...ஏபிஐ
```

பழைய கமிட்டுகளையும் புதியவற்றையும் ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் என்ன வித்தியாசம் என்று காட்டும். கான்ஃப்ளிக்டைத் தீர்க்கும்போது கவனிக்காமல் ஒரு வரியை விழுங்கியிருந்தால் இங்கே பிடிபடும். ரிவ்யூ செய்பவருக்கும் இதன் முடிவை ஒட்டிக் கொடுக்கலாம்; ஏற்கெனவே படித்ததை மறுபடி முழுதாகப் படிக்க வேண்டியிருக்காது.

எல்லாமே குழம்பிவிட்டதா? நடுவில் இருந்தால் கிட் ரீபேஸ் --அபார்ட். முடிந்த பிறகு என்றால் கிட் ரெஃப்லாக் ஏபிஐ என்று கேட்டு, பழைய நுனியைக் கண்டுபிடித்து, கிட் பிராஞ்ச் --ஃபோர்ஸ் மூலம் பெயரை அங்கே திருப்பி வையுங்கள் (அந்த நேரம் வேறு பிராஞ்சில் நில்லுங்கள்). எதிலிருந்தும் எட்ட முடியாத கமிட்டுகளின் பதிவைக்கூட ரெஃப்லாக் வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும். பதற்றப்பட வேண்டியதில்லை.

படி 8: அடுத்தவர் கோடின் மேல் வேலை செய்வது

தாய் பிராஞ்ச் இன்னொருவருடையது என்றால் நிலைமை மாறுகிறது. அவர் எப்போது திருத்தி எழுதுவார் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் தொடங்கும் போதே அவருடைய நுனியை ஒரு டேகால் (நகராத பெயர்க்குறியால்) குறித்து வையுங்கள்: கிட் டேக் அடி-1. அவர் திருத்தி எழுதியதும் கிட் ரீபேஸ் --ஆன்ட்டூ அவருடைய-புதிய-நுனி அடி-1 உங்கள்-பிராஞ்ச் என்று நகர்ந்து, டேகைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

நீங்களே தாயின் சொந்தக்காரர், உங்கள் மேல் இன்னொருவர் வேலை செய்கிறார் என்றால், திருத்தி எழுதுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அல்லது ரீபேஸை விட்டுவிட்டு, புதிய கமிட்டுகளை மேலே சேர்த்து, மேல் பிராஞ்சுக்குள் மெர்ஜ் செய்யும் முறைக்கு மாறுங்கள். வரலாறு கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் யாருடைய வேலையும் காணாமல் போகாது. தனியாக இருக்கும்போது ரீபேஸ், கூட ஆள் இருக்கும்போது மெர்ஜ் என்பது என் தேர்வு.

ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு ஃபோர்க்கிலிருந்து (உங்கள் கணக்கில் இருக்கும் ரெப்போ நகலிலிருந்து) பங்களிக்கிறீர்களா? கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்டின் இலக்கு அந்த மூல ரெப்போவில் இருக்கும் பிராஞ்சாகத்தான் இருக்க முடியும். உங்கள் தரவு பிராஞ்ச் அங்கே இல்லை என்பதால் அடுக்கைச் சரியாகக் காட்ட வழியில்லை. இரண்டாவதை மெயினுக்கே இலக்காக்கி, டிராஃப்ட் நிலையில் வைத்து, முதலில் எது மெர்ஜ் ஆக வேண்டும், எந்தக் கமிட்டிலிருந்து படிக்க வேண்டும் என்று எழுதுங்கள். பராமரிப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த நேரத்தில் படிக்கிறார்கள்; அவர்களுக்கு நீங்கள் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் மாற்றம் உள்ளே போக உதவும்.

இன்னொருவரின் கமிட்டை எடுத்து உங்கள் அடுக்கில் சேர்க்கும்போது செர்ரி-பிக் (ஒரு கமிட்டை மட்டும் நகலெடுக்கும் கட்டளை), ரீபேஸ் இரண்டும் எழுதியவர் பெயரைக் காப்பாற்றும். கமிட் செய்தவர் பெயர் மட்டும் உங்களுடையதாக மாறும். உங்கள் கமிட்டுக்குள்ளேயே அவர் வரிகளைக் கலந்துவிட்டால் அந்தப் பெயர் போய்விடும். அப்போது கமிட் செய்தியின் கடைசியில் கோ-ஆதர்ட்-பை வரியை நீங்களே சேருங்கள். உழைத்தவர் பெயர் வரலாற்றில் நிற்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கருவிகள் பற்றிக் கொஞ்சம்

கெரிட் என்ற ரிவ்யூ கருவியைப் பயன்படுத்தும் குழுக்களில் ஒவ்வொரு கமிட்டும் தனி ரிவ்யூ; சேஞ்ச்-ஐடி என்ற வரி திருத்தங்களைத் தாண்டியும் அடையாளத்தைக் காக்கிறது. மெட்டா 2022இல் வெளியிட்ட சாப்ளிங், அப்புறம் ஜுஜுட்சு, கிட்-பிராஞ்ச்லெஸ், கிராஃபைட் எல்லாமே அடுக்கு வேலையை மனத்தில் வைத்து உருவானவை. ஜுஜுட்சுவில் கீழே ஒரு கமிட்டை மாற்றினால் மேலே இருப்பவை தானாக ரீபேஸ் ஆகிவிடும். தினமும் அடுக்கில் வாழ்பவர் என்றால் ஒன்றை முயன்று பாருங்கள். முதலில் ஆன்ட்டூவைக் கையால் சில முறை செய்து பழகியிருந்தால், கருவி குழப்பும் நாளில் என்ன நடந்தது என்று உங்களுக்கே புரியும்.

படி 9: துப்புரவு

மூன்றும் மெயினில் சேர்ந்ததும் கிட் ஃபெட்ச் --ப்ரூன் தட்டி, ரிமோட்டில் அழிந்தவற்றின் நிழல்களை நீக்குங்கள். ஸ்குவாஷ் ஆன பிராஞ்சைக் கிட் பிராஞ்ச் கட்டளையில் சின்ன டி போட்டு அழிக்கப் பார்த்தால், மெர்ஜ் ஆகவில்லை என்று கிட் மறுக்கலாம். அதன் பார்வையில் த1, த2 மெயினில் இல்லைதானே. மெயினில் கோட் வந்துவிட்டதை ஒரு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு பெரிய டி போட்டு அழியுங்கள். அடி-1 போன்ற டேகுகளையும் கூடவே நீக்கிவிடுங்கள். மேலே இன்னும் ஏதாவது பிராஞ்ச் அவற்றின் மேல் நின்றால் மட்டும் காத்திருங்கள்.